முன்னோடிகள் நடந்த மண்ணில் தம்பதியாக ஊழியம்: மார்ட்டின்ஸ் கோவ் போக நினைப்பவர்களுக்கு முழு வழிகாட்டி

பிள்ளைகள் அவரவர் குடும்பத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. முழங்கால் கொஞ்சம் முனகினாலும் நடமாட்டத்துக்குக் குறைவில்லை. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில், அதாவது வெளியே மார்மன் சபை என்று அறியப்படும் சபையில், இந்தக் கட்டத்துக்கு வந்த கணவன் மனைவி பலர் தன்னார்வ ஊழியத்துக்குக் கிளம்புகிறார்கள். ஆலயம், அலுவலகம், மனிதாபிமானப் பணி, குடும்ப வரலாறு என்று வேலைகள் பலவகை. அவற்றில் ஒன்று, 19ஆம் நூற்றாண்டில் மேற்கே குடியேறிய சபை முன்னோடிகள் நடந்துபோன பாதையில் இருக்கும் வரலாற்றுத் தளங்களில் தங்கி, அங்கே வருகிறவர்களைக் கவனித்துக்கொள்வது.

அமெரிக்காவில் பிள்ளைகளோடு குடியேறிவிட்ட தமிழ் உறுப்பினர்கள் சிலர் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். சென்னை, கோயம்புத்தூர் பக்கமிருந்தும் எப்போதாவது கேள்வி வருகிறது. வயோமிங் மாநிலத்தின் மார்ட்டின்ஸ் கோவை நடுவில் வைத்து, முதல் யோசனையிலிருந்து பெட்டியைக் கட்டித் திரும்பும்வரை இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த ஊழியத்தில் பிரசங்கம் குறைவு, உடலுழைப்பு அதிகம். கழிப்பறை கழுவுவது, கைவண்டி பழுது பார்ப்பது, வெயிலில் மயங்கி விழப்போகும் பதினைந்து வயதுப் பிள்ளையைப் பிடித்து நிழலில் உட்கார வைப்பது எல்லாம் ஊழியத்தில் சேர்த்திதான். வரலாற்றின் மேல் உள்ள ஆசையை மட்டும் நம்பி வருகிறவர்கள் சீக்கிரம் சோர்ந்துவிடுகிறார்கள். மனிதர்களை உபசரிப்பதில் பிரியம் உள்ளவர்கள் நிலைக்கிறார்கள்.

அங்கே என்ன நடந்தது

1844 ஜூன் 27 அன்று இல்லினாய் மாநிலத்தின் கார்த்தேஜ் சிறையில் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் கொல்லப்பட்டார். 1846 பிப்ரவரியில் சபையார் நாவூ நகரைக் காலி செய்துகொண்டு மேற்கே கிளம்பத் தொடங்கினார்கள். 1847 ஜூலை 24 அன்று, அவருக்குப் பின் சபையை நடத்திய பிரிகாம் யங் இன்றைய யூட்டாவின் சால்ட் லேக் பள்ளத்தாக்குக்குள் வந்தார். அதிலிருந்து 1869ல் கண்டம் தாண்டும் ரயில் பாதை முடியும்வரை சுமார் 70,000 பேர் அந்தப் பாதையில் போனார்கள்.

மாட்டு வண்டி வாங்கக் காசில்லாத ஐரோப்பிய ஏழைகளுக்காக 1856ல், சாமானை ஏற்றி ஆட்களே கையால் இழுத்துப்போகும் கைவண்டித் திட்டம் வந்தது. ஏறக்குறைய ஐந்து பேருக்கு ஒரு வண்டி, ஆளுக்கு 17 பவுண்டு சாமான். நம் கணக்கில் எட்டுக் கிலோகூட இல்லை. போர்வை, மாற்றுத் துணி எல்லாம் அதற்குள்தான். 1860க்குள் பத்துக் கூட்டங்களாக மூவாயிரம் பேர் அளவில் இப்படி நடந்தார்கள். எட்டுக் கூட்டங்கள் பெரும் சேதமின்றிப் போய்ச் சேர்ந்தன. வில்லி, மார்ட்டின் என்ற இரண்டு கூட்டங்கள் தாமதமாகக் கிளம்பின. அயோவா சிட்டியில் அவசரமாகச் செய்த வண்டிகளின் மரம் சரியாகக் காயாதது. வழியில் வறண்ட காற்று பட்டதும் மரம் சுருங்கிச் சக்கரமும் அச்சும் விட்டுப்போயின.

1856 அக்டோபர் 19ல் முதல் பெரும் பனி பிடித்தது. அன்றுதான் மார்ட்டின் கூட்டம் நார்த் பிளாட் ஆற்றைக் கடைசி முறையாகக் கடந்தது. சால்ட் லேக்கிலிருந்து அக்டோபர் 7ல் கிளம்பிய மீட்புக் குழுவின் ஆட்கள் இவர்களைத் தேடிப் பிடித்தும்கூட, எல்லோரையும் ஏற்றிப்போக வண்டி போதவில்லை. நவம்பர் தொடக்கத்தில் ஸ்வீட்வாட்டர் ஆற்றைக் கடந்து, பாறை மலையின் ஒரு மடிப்புக்குள் ஒதுங்கினார்கள். அந்த மடிப்புதான் மார்ட்டின்ஸ் கோவ். இரண்டு கூட்டங்களிலும் சேர்த்து 200க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கோவுக்குள் யார் எங்கே புதைக்கப்பட்டார் என்று காட்டும் தனித்தனிக் கல்லறைகள் கிடையாது.

அதை ஒட்டிய சன் பண்ணை நிலத்தை சபை 1990களில் வாங்கி, பழைய பண்ணை வீட்டைப் பார்வையாளர் மையமாக்கி 1997ல் திறந்தது. கோவ் இருக்கும் நிலம் மட்டும் அமெரிக்க அரசுக்குச் சொந்தம். இந்த வேறுபாடு உங்கள் வேலையைப் பாதிக்கும் என்பதால் நினைவில் வையுங்கள்.

1. தளத்தை உடம்புக்குத் தகுந்தபடி தேர்ந்தெடுங்கள்

எந்தத் தளம் என்று முடிவு செய்யும்போது பெரும்பாலோர் தங்களுக்குப் பிடித்த கதையைப் பார்க்கிறார்கள். உடம்பையும் சுபாவத்தையும் பார்ப்பதுதான் நல்லது.

மார்ட்டின்ஸ் கோவ் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 6,000 அடி உயரம். பெரிய ஊர் என்று சொல்லத்தக்க கேஸ்பர் 55 மைல் தள்ளி. மருத்துவமனை, பெரிய மளிகைக் கடை எல்லாம் அங்கேதான். மரம் குறைவு, காற்று நிற்காது. மூச்சிரைப்பு, இதய நோய், காற்றடித்தால் தலைவலி என்று இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இந்தப் பெயரை எழுதவே வேண்டாம்.

நாவூ வேறு மாதிரி. மிசிசிப்பி ஆற்றங்கரையில் மீட்டெடுக்கப்பட்ட ஊர் அது. கொல்லன் பட்டறையில் லாட ஆணியை வளைத்து மோதிரம் செய்து காட்டுவார்கள். இன்னொரு வீட்டில் கயிறு திரிப்பார்கள், ரொட்டி சுடுவார்கள். அந்தக் காலத்து உடை அணிய வேண்டும். கூச்சமில்லாமல் பத்துப் பேர் முன்னால் பேச முடிந்தால், பாட வந்தால் இன்னும் நல்லது, நாவூ உங்களுக்குச் சரி. உடன் ஊழியம் செய்யும் தம்பதிகளும் நிறைய இருப்பார்கள். தனிமை தெரியாது.

ஒமாஹாவில் உள்ள விண்டர் குவார்ட்டர்ஸ் மையம் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. 1846-47 குளிர்காலத்தில் சபையார் தங்கிய இடம். பெரும்பாலும் கூரைக்குக் கீழே வேலை. யூட்டாவின் கோவ் ஃபோர்ட் 1867ல் எரிமலைக் கல்லால் கட்டிய சிறிய கோட்டை. நெடுஞ்சாலையில் போகிறவர்கள் கால் நீட்ட நிறுத்தி, அரை மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அதிகம் நடக்க முடியாதவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

சபை உறுப்பினர் அல்லாத ஒருவர் இதைப் படித்து ஆசைப்பட்டால், கேஸ்பரில் இதே பாதையின் வரலாற்றைச் சொல்லும் மைய அரசின் காட்சியகம் இருக்கிறது. அதுபோன்ற பொது இடங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் தன்னார்வலராகச் சேரும் வழி விசாரித்துப் பார்க்கலாம். கீழே வரும் விண்ணப்ப முறை சபையாருக்கு மட்டும்.

2. இருவரும் உட்கார்ந்து பேசுங்கள்

முப்பது நாற்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்திருக்கலாம். ஆனால் இருபத்து நான்கு மணி நேரமும் சேர்ந்து இருந்ததில்லை. அவர் அலுவலகம் போனார், இவர் வீட்டைப் பார்த்தார் அல்லது இவரும் வேலைக்குப் போனார். ஊழியத்தில் ஒரே அறை, ஒரே வண்டி, ஒரே வேலை நேரம். ஒருவர் கதை சொல்லும்போது மற்றவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதே கதையை, மாதக்கணக்கில்.

கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இவை. கணவர் ஆசைப்படுகிறார் என்பதற்காக மனைவி தலையாட்டுகிறாரா? பேரப்பிள்ளை பிறக்கும் நேரத்தில் அங்கே இருந்தால் மனசு தாங்குமா? ஒருவருக்கு முடியாமல் போனால் இருவரும் திரும்பிவிடுவது என்று ஒப்புக்கொள்கிறோமா? வயதான தாயோ தகப்பனோ இருந்தால் யார் பார்த்துக்கொள்வது? நம் குடும்பங்களில் இந்தக் கடைசிக் கேள்வியைப் பேசாமல் தள்ளிப்போடுவது வழக்கம். தள்ளிப்போடாதீர்கள். அண்ணன் தம்பி, அக்கா தங்கையை உட்கார வைத்து, யாருக்கு எந்தப் பொறுப்பு என்று முடிவு செய்துவிட்டு விண்ணப்பம் போடுங்கள்.

3. தகுதியும் பணமும்

வீட்டில் உங்களைச் சார்ந்து 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருக்கக்கூடாது. இருவருக்கும் செல்லுபடியாகும் ஆலயப் பரிந்துரை, அதாவது ஆலயத்துக்குள் போகத் தகுதி உண்டு என்று சபை தரும் சீட்டு, வேண்டும். உடல்நிலையும் மனநிலையும் வேலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

காலம் ஆறு மாதத்திலிருந்து 23 மாதம் வரை. கைவண்டித் தளங்களில் கோடையில்தான் கூட்டம். அதனால் கோடையை ஒட்டிய ஆறு மாத ஊழியம் அங்கே நன்றாகப் பொருந்தும். முதன்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது இந்தக் குறுகிய காலத்தைத்தான். பிடித்திருந்தால் அடுத்த முறை நீண்ட காலம் போகலாம். பலர் அப்படித்தான் திரும்பத் திரும்பப் போகிறார்கள்.

ஊதியம் கிடையாது. சாப்பாடு, பெட்ரோல், காப்பீடு, தங்குமிடம் எல்லாம் உங்கள் கைக்காசு. 2011ல் சபை ஒரு சலுகை கொண்டுவந்தது: மூத்த தம்பதியரின் தங்குமிடச் செலவுக்கு மாதம் 1,400 டாலர் என்று ஓர் உச்ச வரம்பு வைத்து, அதற்கு மேல் ஆவதைச் சபை ஏற்கும் என்றது. இப்போதைய தொகையை உங்கள் ஆயரிடம், அதாவது உள்ளூர்ச் சபையை நடத்துபவரிடம், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வயோமிங்கின் நடுக்காட்டில் வாடகை பெரிய பிரச்சினையாக இருக்காது. பெட்ரோல்தான் கையைக் கடிக்கும். கேஸ்பர் போய்வர நூற்றுப் பத்து மைல்.

கோடைக்கு வரும் தம்பதிகள் பலர் சொந்த ஆர்வியில், அதாவது படுக்கையும் சமையலறையும் உள்ள வீட்டு வண்டியில் வருகிறார்கள். ஊழியர் குடியிருப்பில் அதை நிறுத்தித் தண்ணீர், மின்சாரம் இணைத்துக்கொள்கிறார்கள். உங்களிடம் ஆர்வி இல்லையென்றால் வேறு தங்குமிடம் உண்டா என்று விண்ணப்பத்துக்கு முன்பே கேளுங்கள். இந்த ஊழியத்துக்காகவே கடன் வாங்கிப் புது ஆர்வி வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மருத்துவக் காப்பீடு சொந்தப் பொறுப்பு. அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டியவர்கள் தங்கள் திட்டம் வேறு மாநிலத்தில் செல்லுமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தியாவிலிருந்து போக விரும்புகிறவர்களுக்கு விசா இன்னொரு தடை. பிள்ளையைப் பார்க்கப் போகும் சுற்றுலா விசாவிலேயே ஊழியமும் செய்துகொள்ளலாம் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். ஊழியத் துறையிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் வகையில் மட்டும் போங்கள்.

4. விண்ணப்பம்

சபையின் இணையதளத்தில் மூத்த ஊழியருக்கான வாய்ப்புகள் தளவாரியாக, வேலைவாரியாக இருக்கும். அதைப் பார்த்துக் குறித்துக்கொண்டு ஆயரிடம் போங்கள். அவர் இணையத்தில் பரிந்துரைப் படிவத்தைத் திறந்து கொடுப்பார். அதில் சொந்த விவரம், குடும்பம், வேலை அனுபவம், மொழி, பணநிலை எல்லாம் வரும். அனுபவம் என்ற இடத்தில் அடக்கம் காட்டாதீர்கள். குழாய் வேலை, தச்சு வேலை, வெல்டிங், நர்சிங், கணக்கு, டிராக்டர் ஓட்டுவது என எது தெரிந்தாலும் எழுதுங்கள். இப்படிப்பட்ட தளங்களில் வேதம் கரைத்துக் குடித்தவரைவிட, உடைந்த தண்ணீர்க் குழாயைச் சரி செய்யத் தெரிந்தவருக்கு மதிப்பு கூடுதல்.

அடுத்து மருத்துவப் பரிசோதனை, பல் பரிசோதனை. எதையும் மறைக்க வேண்டாம். சர்க்கரை, இரத்த அழுத்தம், மூட்டுவலி, மனச்சோர்வுக்கு மாத்திரை என எது இருந்தாலும் சொல்லுங்கள். பல பிரச்சினைகளோடும் அழைப்பு வரும், இடம்தான் மாறும். மறைத்துவிட்டுப் போய், மருத்துவமனை ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள இடத்தில் மாட்டிக்கொண்டால் கஷ்டம் உங்களுக்கு மட்டுமில்லை, உங்களை ஏற்றிக்கொண்டு ஓடும் இன்னொரு எழுபது வயதுத் தம்பதிக்கும்தான்.

ஆயரும், பல உள்ளூர்ச் சபைகள் சேர்ந்த பிணையத்தின் தலைவரும் தனித்தனியாகப் பேட்டி காண்பார்கள். எங்கே போக விருப்பம் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் முடிவு உங்கள் கையில் இல்லை. மார்ட்டின்ஸ் கோவ் கேட்டவருக்கு வேறு ஊர் ஆலயம் வரக்கூடும். அழைப்பு சபைத் தலைவரின் பெயரில் வரும். அதற்குப் பிறகு புறப்படும் நாளுக்குமுன் பிணையத் தலைவர் தலைமேல் கை வைத்து ஊழியத்துக்குப் பிரித்தெடுப்பார்.

5. கிளம்புமுன்

வீட்டை யார் பார்த்துக்கொள்வது, கடிதம் யார் வாங்குவது, வரி யார் கட்டுவது என்பதை ஒரு தாளில் எழுதி மகனிடமோ மகளிடமோ கொடுத்துவிடுங்கள். உயில் எழுதாதவர்கள் எழுதிவிடலாம். இதில் அபசகுனம் எதுவும் இல்லை.

எடுத்துப்போக வேண்டியவற்றில் முதல் இடம் செருப்புக்கு, அதாவது கணுக்கால் வரை ஏறும், ஏற்கெனவே போட்டுப் பழகிய நடைக் காலணிக்கு. அப்புறம் காற்றில் பறக்காமல் தாடையில் கட்டும் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, உதட்டு வெடிப்புக்குக் களிம்பு. ஜூன் மாதத்திலும் காலையில் ஸ்வெட்டர் தேவைப்படும். மே மாதத்தில் பனி விழுந்தால் ஆச்சரியப்படாதீர்கள். மாத்திரைகளை மூன்று மாதத்துக்காவது சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். ஆடை விதி தளத்துக்குத் தளம் மாறும் என்பதால் தளத் தலைவர் அனுப்பும் பட்டியல் வந்தபின் துணி எடுங்கள்.

சமையல் விஷயத்துக்கு வருவோம், நமக்கு இது முக்கியம். 6,000 அடி உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகவே வேகாது போலத் தோன்றும். குக்கர் கட்டாயம் கொண்டுபோங்கள், வழக்கத்தைவிட விசில் கூட விடுங்கள். புளி, சாம்பார்ப் பொடி, பெருங்காயம் எல்லாம் மொத்தமாக வாங்கிப் போவது நல்லது. கேஸ்பரில் தேடி அலைய வேண்டாம். வாரம் ஒருமுறை ஊழியர்கள் கூடிச் சாப்பிடும் வழக்கம் இருந்தால், உங்கள் எலுமிச்சைச் சாதத்துக்கு வரிசை நிற்கும். காரத்தை மட்டும் பாதியாகக் குறையுங்கள்.

6. பயிற்சியும் முதல் வாரங்களும்

ஊழியப் பயிற்சி மையத்தில் மூத்தவர்களுக்கான பயிற்சி குறுகியது, இளம் ஊழியர்களைப் போல வாரக்கணக்கில் இருக்காது. ஒரு பகுதி இணையவழியாகவும் நடக்கும். கறுப்புப் பெயர்ப் பட்டை மாட்டிக்கொண்டதும் நீங்கள் மூப்பர் இன்னார், சகோதரி இன்னார். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயரோ கணவர் பெயரோ பாஸ்போர்ட்டில் கடைசியில் இருக்கும், அதுதான் பட்டையில் ஏறும். கணவர் மூப்பர் சுப்பிரமணியன் என்றும் மனைவி சகோதரி ராமசாமி என்றும் வந்து மற்றவர்களைக் குழப்பாமல் இருக்க, படிவம் நிரப்பும்போதே ஒரே பெயராகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இளம் ஊழியர்களுக்கான கட்டுப்பாடுகள் எல்லாம் மூத்தவர்களுக்கு இல்லை. வீடு வீடாகக் கதவு தட்டச் சொல்ல மாட்டார்கள். பேரப்பிள்ளைகளோடு ஃபோனில் பேசலாம். குடும்பத்தில் தவிர்க்க முடியாத நிகழ்ச்சி என்றால், ஊழியத் தலைவரின் அனுமதியோடு சொந்தச் செலவில் சில நாள் போய்வரலாம். வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்க, கடைக்குப் போக என்று விடுவார்கள்.

முதல் வாரம் தூக்கம் சரியாக வராது, உயரம்தான் காரணம். தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள், வேலையைப் பாதி வேகத்தில் செய்யுங்கள். பாதையை நீங்களே முழுவதும் நடந்து பாருங்கள். எங்கே நிழல், எங்கே உட்கார இடம், எங்கே ஃபோன் எடுக்காது என்று தெரிந்த பிறகுதான் மற்றவர்களை அழைத்துப்போக முடியும். வேலைப் பட்டியல் தினமும் மாறும். ஒரு நாள் பார்வையாளர் மேசை, மறுநாள் குப்பை வண்டி. மூன்றாம் நாள் ஆற்றங்கரையில் கொசுக்கடியில் வேலி கட்டுவது.

7. கதையை நேர்மையாகச் சொல்வது

இந்த ஊழியத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இது. அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

மார்ட்டின்ஸ் கோவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே ஒரு கதையோடு வருகிறார்கள். பதினெட்டு வயது வாலிபர்கள் மூவர், பனிக்கட்டி மிதக்கும் ஸ்வீட்வாட்டர் ஆற்றில் இறங்கி, கூட்டத்தில் ஏறக்குறைய எல்லோரையும் சுமந்து கரை சேர்த்தார்கள், பிறகு மூவரும் அந்தக் குளிரின் விளைவாலேயே இறந்தார்கள் என்பது அது. கேட்டால் கண்ணீர் வரும். ஆனால் வரலாற்று ஆய்வு வேறு சொல்கிறது. ஆற்றில் இறங்கி உதவியவர்கள் மூவருக்கு மேல். அவர்கள் பலரைச் சுமந்தது உண்மை, எல்லோரையும் அல்ல. கதையில் வரும் மூவரில் ஆலன் ஹன்டிங்டன் 1896 வரை வாழ்ந்தார். டேவிட் கிம்பால் 1883லும் ஜார்ஜ் கிராண்ட் 1872லும்தான் இறந்தார்கள்.

இதைச் சொன்னால் சிலர் முகம் வாடும். அதற்காகப் பழைய கதையையே சொல்லிவிடலாம் என்று தோன்றும். சொல்லாதீர்கள். குளிர்ந்த ஆற்றில் முன்பின் தெரியாத ஒருவரைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்ததே போதாதா? அதன்மேல் எதற்கு இன்னொரு சாவைச் சுமத்த வேண்டும்? இளைஞர்கள் கூகுளில் தேடிப் பார்ப்பார்கள். நீங்கள் சொன்னதில் ஒன்று பொய் என்று தெரிந்தால், மற்ற எல்லாவற்றையும் சேர்த்துச் சந்தேகிப்பார்கள்.

தாமதமாகக் கிளம்பியது மனிதர் செய்த பிழை என்பதையும் மூடி மறைக்க வேண்டியதில்லை. 1856 ஆகஸ்டில், இன்றைய ஒமாஹாவை ஒட்டிய ஃபிளாரன்ஸில் வில்லி கூட்டத்தார் கூடி, போவதா தங்குவதா என்று பேசினார்கள். வயதானவர்களையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு இந்தப் பருவத்தில் போகக்கூடாது என்று கூட்டத்தின் துணைத் தலைவர்களில் ஒருவரான லீவை சாவேஜ் எழுந்து சொன்னார். அவர் பேச்சு எடுபடவில்லை. அப்படியும் அவர் விலகிப் போகவில்லை. கூடவே வருவதாகவும் எல்லாக் கஷ்டத்திலும் பங்கெடுப்பதாகவும் சொன்னார், அப்படியே செய்தார். இளைஞர்களிடம் சொல்ல இதைவிடப் பயனுள்ள கதை அந்தப் பாதையில் இல்லை என்பது என் எண்ணம்.

நீங்கள் எந்த ஊர் என்று கேட்பார்கள், தினமும் கேட்பார்கள். அப்போது சொல்ல உங்களிடம் மட்டுமே ஒரு கதை இருக்கிறது. இந்த லீவை சாவேஜ் கைவண்டிக் கூட்டத்துக்கு வருமுன் பர்மாவில் ஊழியம் செய்தவர். 1852ல் அவரோடு சேர்த்து ஆசியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் ரிச்சர்ட் பாலன்டைனும் ஒருவர். பாலன்டைன் 1853 ஜூலையில் சென்னைப் பட்டணத்தில் வந்து இறங்கி, ஒரு வருஷம் ஊழியம் செய்து, அங்கேயே ஒரு மாதப் பத்திரிகையும் அச்சிட்டார். சேர்ந்தவர்கள் சொற்பம். ஊர் திரும்பும் வழியில் 1855ல் இதே பாதையில் ஒரு வண்டிக் கூட்டத்துக்குத் தலைவராக நடந்தார். அடுத்த வருஷம் வில்லி கைவண்டிக் கூட்டத்தில் பம்பாயில் பிறந்த எலிசபெத் சேவியர் டேட் என்ற பெண் நடந்துபோனார். யூட்டாவுக்கு முன்னதாகப் போய்விட்ட கணவரைத் தேடிய பயணம் அது. எல்லாரும் இங்கிலாந்துக்காரர்கள், டென்மார்க்காரர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கும் கூட்டத்துக்கு இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், கேள்விகள் வரும்.

அந்த நிலம் அதற்கு முன்னும் வெறுமையாகக் கிடக்கவில்லை. ஷோஷோனி, அரபாஹோ முதலான பூர்வகுடிகளின் வேட்டை நிலம். அதையும் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டுத் தொடங்குவது மரியாதை.

இன்னொரு எச்சரிக்கை. கோவ் அரசு நிலம் என்று முன்பே சொன்னேன். 2003ல் நாடாளுமன்றச் சட்டம் வந்து, அதன்படி சபை அதை 25 வருஷக் குத்தகைக்கு எடுத்தது. பொது நிலத்தை ஒரு மதத்துக்குக் கொடுப்பதா என்று 2005ல் வழக்கு வந்து, அடுத்த வருஷம் சமரசத்தில் முடிந்தது. ஆகவே சபையோடு சம்பந்தமில்லாத ஒருவர் பாதையைப் பார்க்க வந்தால், அவர் மதப் பேச்சு எதுவும் கேட்காமல் பார்த்துவிட்டுப் போக உரிமை உள்ளவர். வணக்கம் சொல்லுங்கள், தண்ணீர் கொண்டுவந்தாரா என்று கேளுங்கள். அவராகக் கேட்டால் பேசுங்கள்.

8. இளைஞர் நடைப்பயணக் காலம்

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பிணையங்களிலிருந்து இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். நீண்ட பாவாடையும் தொப்பியும் போட்டுக்கொண்டு கைவண்டி இழுப்பார்கள். பத்துப் பேரைக் குடும்பமாகப் பிரித்து, ஒரு தம்பதியை அப்பா அம்மாவாக வைப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும், பொறுப்பு உங்கள் தலையில்.

காலையில் ஒவ்வொரு வண்டிக்கும் அச்சு, சக்கரம், கைப்பிடி மூன்றையும் கையால் ஆட்டிப் பாருங்கள். மேட்டில் இழுப்பதைவிட இறக்கத்தில்தான் ஆபத்து. வண்டி ஆளைத் தள்ளிக்கொண்டு ஓடும். பின்னால் கயிறு கட்டி நாலு பேர் இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள், குழந்தைகளை மேலே ஏற்றாதீர்கள். கடல் மட்டத்து ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகள் முதல் நாளே வாந்தி எடுப்பார்கள். தண்ணீரோடு உப்பும் வேண்டும். கால் கொப்புளம் சிவந்திருக்கும்போதே ஒட்டுப் போட்டால் போதும், உடைந்த பிறகு நடை முடிந்தது.

இடி சத்தம் கேட்டால் திறந்தவெளியை விட்டு இறங்கச் சொல்லுங்கள், கதை பாதியில் நின்றாலும் பரவாயில்லை. விரியன் வகைப் பாம்பு அங்கே உண்டு, வாலை ஆட்டிச் சத்தம் போடும். பாறை இடுக்கில் கை விடக்கூடாது. கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை அசையவிடாமல் வைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்யுங்கள்.

பெண்கள் மட்டும் வண்டி இழுக்கும் பகுதி ஒன்று பல நடைப்பயணங்களில் இருக்கும். மார்மன் பட்டாளத்துக்கு, அதாவது அமெரிக்க ராணுவத்துக்காகச் சபையார் திரட்டிய படைக்கு, ஆண்கள் போய்விட்டார்கள் என்று சொல்லி அவர்களை விலக்குவார்கள். பட்டாளம் திரண்டது 1846ல், கைவண்டிகள் வந்தது 1856ல். இரண்டையும் ஒன்றாக்க வேண்டியதில்லை. கைவண்டிக் கூட்டங்களிலேயே விதவைகளும் கணவன் பாதி வழியில் இறந்த பெண்களும் தாங்களே இழுத்தார்கள். அதைச் சொன்னாலே போதும் என்று வழிநடத்துபவரிடம் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள், அது அவர்கள் நிகழ்ச்சி.

கல், எலும்பு, ஆணி எதையும் யாரும் எடுத்துப் பையில் போடவிடாதீர்கள்.

9. இருவருக்குள்ளும் குழுவுக்குள்ளும்

சண்டை வரும். பெரும்பாலும் காற்றும் களைப்பும் சேர்ந்த நாளில், சின்ன விஷயத்துக்கு. ஒருவர் கதை சொல்லும்போது மற்றவர் குறுக்கே வருஷத்தைத் திருத்துவதுதான் நான் கேள்விப்பட்டதில் பொதுவான காரணம். திருத்தத்தைத் தனியாக இருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு மாலை ஆளுக்கொரு பக்கம் இருந்துவிடுவதில் தப்பில்லை.

குழுவில் இன்னொரு மனத்தாங்கல் வரும். நேற்றுவரை பெரிய பதவியில் இருந்தவர் இங்கே கழிப்பறைப் பட்டியலில் இருப்பார். தளத் தலைவர் அவரைவிட இளையவராக இருக்கலாம். நம்மவர்களுக்கு, குறிப்பாக அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற ஐயாக்களுக்கு, இது முதல் மாதம் உறுத்தும். கிளம்புமுன்பே வீட்டில் துடைப்பத்தைக் கையில் எடுத்துப் பழகிக்கொண்டால் உதவியாக இருக்கும். மனைவிகள் இந்த யோசனைக்கு எதிர்ப்புச் சொல்ல மாட்டார்கள்.

10. திரும்பும்போது

கடைசி இரண்டு வாரத்தில் உங்களுக்குப் பிறகு வரும் தம்பதிக்குக் கைப்பட ஒரு குறிப்பு எழுதி வையுங்கள். எந்தக் குழாய் ஒழுகும், எந்த வண்டியின் இடது சக்கரம் சொத்தை, தண்ணீர்த் தொட்டியின் வால்வு எந்தப் பக்கம் திரும்பும், கேஸ்பரில் எந்த நாள் கடையில் கூட்டம் குறைவு என்று எழுதுங்கள். வீட்டுக்கு வந்ததும் பிணையத் தலைவரைப் பார்த்து அறிக்கை சொல்ல வேண்டும். அவர் விடுவித்த பிறகுதான் பெயர்ப் பட்டையைக் கழற்றுவீர்கள். வந்த மாதமே பேரப்பிள்ளைகளின் பள்ளி விடுமுறை, வீட்டுப் பழுது, உறவினர் கல்யாணம் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். மருத்துவப் பரிசோதனை ஒன்று செய்துகொண்டு, மறுபடி போவதா என்ற கேள்விக்குக் குறைந்தது ஒரு மழைக்காலம் கழித்துப் பதில் சொல்லுங்கள்.